மங்குஸ்தானும் சர்க்கரையும்

டோ ஏ மியா தன் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினாள். தட்டிய வேகத்தில் படத்துக்குப் பின்னாலிருந்த பல்லி பயந்து கூரைக்கு ஓடியது. அந்தப் படம் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் உண்டு. சேர்த்துத் தின்றால் ஆளைக் காலி பண்ணிவிடும் பண்டங்கள் அதில் கல்யாண ஜோடிகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புறாக்கறியும் பூசணிக்காயும், தர்ப்பூசணியும் முட்டையும், இன்னும் என்னென்னவோ. டீ ஆவி பட்டுப் பட்டுப் புறா வெளுத்துக் கோழியாகிவிட்டிருந்தது. அவள் தட்டிய கட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு மங்குஸ்தான் பழம், பக்கத்தில் ஒரு கிண்ணம் சர்க்கரை.

"பாத்தியா? கண்ணு தெரியுதா, இல்ல ரானோங் கடல்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

"தெரியுது அக்கா" என்றான் டுன் யின்.

"காய்ச்சல் வந்த அன்னிக்கு உம் பொண்டாட்டி என் கடையில டீ குடிச்சா. ஒண்ணு இல்ல, ரெண்டு. அடியில கெட்டிப்பால் நிக்குதே, அதையும் கரண்டியால சுரண்டித் தின்னா. அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன தின்னா?"

"மங்குஸ்தான்."

"எத்தனை?"

"யாரு எண்ணினா? ஒரு பை."

"வாங்கிட்டு வந்த மகராசன் யாரு?"

"நான்தான்."

"அப்ப நீதான் அவளுக்கு எமன். வேற வைத்தியர்கிட்டப் போய்க் காசக் கொட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் டீ வடிகட்டும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டுன் யினும் சிரித்தான். வீட்டில் பெண்டாட்டி உடம்பெல்லாம் சிவந்து தடித்து, எதைக் குடித்தாலும் வாந்தியெடுத்துக்கொண்டு பாயில் கிடக்கிறாள். இங்கே தனக்குச் சிரிப்பு வருகிறதே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. மங்குஸ்தான்தானா? வெறும் மங்குஸ்தான்தானா? கோயில் மணியை மூன்று தடவை அடித்துவிட்டு வரலாம் போலிருந்தது.

அவனுக்கு அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. ஸான் மேயின் உடம்புக்கு எது வந்தாலும், ஒரு தும்மல் வந்தால்கூட, அது தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வது அவனுக்குப் பழகிப் போயிருந்தது. கல்யாணமான மறுவருஷம் தாய்லாந்துப் பக்கம் ரானோங்கில் மீன்பிடிப் படகுக்குப் போனவன் அவன். கரைக்கு வரும் நாட்களில் மற்றவர்கள் போகிற இடத்துக்கு அவனும் போனான். ஊருக்குத் திரும்பியபோது ஒரு நல்ல கைபேசியும், அவளுக்கு ஒரு சங்கிலியும், எச்.ஐ.வி.யும் கொண்டுவந்தான். மூன்றாவதைப் பற்றி அவனுக்கே அப்போது தெரியாது. இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று மோலம்யைன் டவுன் கிளினிக்கில் சொன்ன அன்று, வீடு வரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் அடுப்பைப் பற்றவைத்து மறுநாள் காலை தெருவில் விற்கும் மொஹிங்கா நூடுல்ஸுக்கு மீன் குழம்பைக் கொதிக்கவைத்தாள். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட எப்படி வந்தது என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால், அகப்பையால் இரண்டு போட்டிருந்தால், அவன் பிழைத்திருப்பான். கேட்காமல் விட்டதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

படகில் அவனோடு ஸோ லின் என்று ஒருத்தன் இருந்தான். நல்ல பாட்டுக்காரன். அவனுக்கும் இதே நோய். மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை கையிருப்பு தீர்ந்தபோது, அடுத்த துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றான். அந்தத் துறைமுகத்திலும் வாங்கவில்லை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றான். கடைசியில் அவனைப் படகிலிருந்து இறக்கியபோது இரண்டு கையில் தூக்குகிற அளவுக்குத்தான் இருந்தான். கிளினிக்கில் நர்ஸ் நோ ரூத், எல்லோரும் 'செயாமா' என்று கூப்பிடுகிறவர், முதல் நாளே சொன்ன பாடமும் அதேதான். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தவறினால் உள்ளே தூங்குவது விழித்துக்கொள்ளும், பிறகு அதே மாத்திரை அதனிடம் பலிக்காது. டுன் யின் படித்த பாடம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் அதை அவன் நன்றாகப் படித்தான்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் கைபேசியில் சேவல் கூவும். மொஹிங்கா விற்று முடிந்து ஸான் மே பின்கட்டில் பானை கழுவும் நேரம் அது. அந்த நேரத்துக்கு அவன் எங்கே சுமை ஏற்றிக்கொண்டிருந்தாலும் தன் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். "டுன் யின் வீட்டுச் சேவலுக்கு விடியறது ஒம்போது மணிக்குத்தான்" என்று டோ ஏ மியா கடையில் கேலி பேசுவாள். கேலியோடு போகட்டும் என்று விட்டிருந்தார்கள். தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் ஸான் மேயின் கையால் ஒரு கிண்ணம் மொஹிங்கா வாங்கிச் சாப்பிட ஒருத்தர் வரமாட்டார். மாத்திரைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பால் பவுடர் டப்பாவில் இருந்தன. சேவல் கூவினால் போதும், அவள் பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையைப் பின்பக்கமாக நீட்டுவாள். அவன் அதில் மாத்திரையை வைப்பான். தன்னுடையதையும் போட்டுக்கொள்வான். ஒரு சொல் பேச மாட்டார்கள். அவர்களுக்குள் கொஞ்சல் என்று மிச்சமிருந்தது அந்த உள்ளங்கைதான்.

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் களைத்துப் போயிருக்கிறது, பழைய மாத்திரை இனி ஒத்துக்கொள்ளாது என்று கிளினிக்கில் வேறு மாற்றிக் கொடுத்தார்கள். நோ ரூத் அவளை உள்ளே உட்காரவைத்து வெகுநேரம் பேசினார். டுன் யினும் உள்ளே இருந்திருக்க வேண்டியவன்தான். ஆனால் அவன் வண்டியை வாசலில் வழியை அடைத்து நிறுத்திவிட்டான் என்று காவலாளி கத்தவே, எடுத்து ஓரமாக விடப் போனான். போன இடத்தில் இன்னொரு வண்டிக்காரனோடு வாய்த்தகராறு ஆகிவிட்டது. திரும்பும் வழியில் வண்டிச் சத்தத்துக்கு மேலே அவள் குனிந்து, "செயாமா இந்த மாத்திரையப் பத்தி ஒண்ணு சொன்னாங்க" என்று தொடங்கினாள். "வீட்டுக்குப் போய்ச் சொல்லு, காதுல விழல" என்றான். வீட்டுக்குப் போனதும் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவன் பழத்தோட்டத்துச் சுமை ஏற்றப் போய், தோட்டக்காரர் கொடுத்த மங்குஸ்தான்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். அவளுக்கு மங்குஸ்தான் என்றால் உயிர். மறுநாள் மாலைக்குள் பையைக் காலி பண்ணிவிட்டு, விரல்நுனியெல்லாம் ஊதாக் கறையோடு டீக்கடைக்குப் போனாள். அன்று இரவு உடம்பு கொதித்தது. அடுத்த நாள் வயிற்றிலும் கழுத்திலும் தடிப்பு, வாந்தி, இருமல், எலும்பெல்லாம் வலி. சேவல் கூவி மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு மத்தியானம் எல்லாமே இன்னும் கூடியது. அதையும் டுன் யின் பார்த்தான். வெயில் ஏறினால் காய்ச்சலும் ஏறத்தானே செய்யும் என்று நினைத்தான், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோதும். கிளினிக்குக்குப் போன் போட்டான், மணி போகவே இல்லை. டவுனுக்குப் போகும் சாலையில் தாழ்வான இடத்தில் தண்ணீர் நிற்கிறது, வண்டி போகாது என்றார்கள். அப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில்தான் டோ ஏ மியா அவனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள்.

முருங்கைப் பட்டையை இடித்து ஒரு கஷாயமும் அவளே வைத்துக் கொடுத்தாள். மங்குஸ்தானுக்கும் சர்க்கரைக்கும் அதுதான் மாற்றாம். ஸான் மேயால் அந்தக் கஷாயத்தைத் தவிர வேறு எதையும் வயிற்றில் நிறுத்திவைக்க முடியவில்லை. மாத்திரையைப் போட்டால் அடுத்த நிமிஷம் வெளியே வந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூன்றாவது நாள் அவள் டப்பாவைக் கையால் தள்ளிவிட்டாள். டுன் யின் கெஞ்சினான், கோபப்பட்டான், பிறகு விட்டுவிட்டான். ஆச்சரியம், மறுநாளே காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாள் தடிப்பு வாடியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். டோ ஏ மியா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் கஷாயம்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். டுன் யின் அவளுக்கு ஒரு வாழைத்தார் வாங்கிக் கொடுத்தான்.

அந்த வாரம் முழுக்கச் சேவல் கூவியது. அவன் தன்னுடையதைத் தனியாகப் போட்டுக்கொண்டான். அவள் உடம்பு தேறத் தேற அவனுக்குப் பயம் கூடியது. ஒரு வேளை அல்ல, ஒரு நாள் அல்ல, ஒரு வாரம். உள்ளே இருப்பது இந்நேரம் கண்ணைத் திறந்திருக்கும், சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ஸோ லின்னை இறக்கிய அன்று அவன் கால்கள் தன் கைக்குக் குறுக்கே தொங்கிய கனம் இன்னும் மறக்கவில்லை. கனமே இல்லாத கனம் அது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஸான் மே பின்கட்டில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து மறுபடி கடை போடப் போகிறேன் என்றாள். கன்னத்தில், சந்தனம் போல மரப்பட்டையை அரைத்த தனாக்கா பூசியிருந்தாள். நோயில் படுத்த நாளிலிருந்து பூசவில்லை. அவளை அப்படிப் பார்த்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. சேவல் கூவியது.

அவள் கை நீளவில்லை.

அவன் டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எடுத்துக்கொண்டு எதிரே குந்தினான். "போடு மே."

"செயாமா ஒண்ணு சொன்னாங்க" என்றாள் அவள், கத்தியைக் கீழே வைக்காமல். "இந்தப் புது மாத்திரையில காய்ச்சலும் தடிப்பும் வந்தா உடனே ஓடி வரணும்னாங்க. வந்து நிறுத்தியாச்சுன்னா, அப்புறம் ஆயுசுக்கும் இதத் தொடக் கூடாதுன்னாங்க. நிறுத்திட்டுத் திரும்பப் போடறதுதான் ஆபத்தாம்."

"அது மாத்திரையால வர்ற காய்ச்சலுக்குச் சொன்னது. உனக்கு வந்தது மங்குஸ்தான்ல."

"அது எப்படித் தெரியும்?"

"ஏ மியா அக்கா கஷாயத்துல நின்னுச்சா இல்லையா? மாத்திரையால வந்திருந்தா முருங்கப் பட்டைக்கு நிக்குமா? நீயே சொல்லு."

அவள் யோசித்தாள். நறுக்கிய துண்டுகளைக் கத்தியாலேயே தண்ணீருக்குள் தள்ளினாள். "தண்ணி வடியட்டும், கோ டுன். போய்க் கேட்டுட்டு வந்து போட்டுக்கறேனே."

"எப்ப வடியறது? இன்னும் ஒரு வாரமா? ஸோ லின்னும் இப்படித்தான் சொன்னான். அடுத்த துறைமுகம் வரட்டும், அடுத்த துறைமுகம் வரட்டும்னு."

"நான் ஸோ லின் இல்ல."

"அவனும் அவன் ஸோ லின் இல்லன்னுதான் நெனச்சிருப்பான்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். வெகுநாளாக அப்படிப் பார்த்ததில்லை. "நான் செத்துப் போயிடுவேன்னு பயமா இருக்கா உங்களுக்கு?"

"ஆமா" என்றான். அவ்வளவு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னதும் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒன்றாக ஒழுகியது. "நான்தானே கொண்டாந்தேன். உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா..."

"ஐயோ, மூஞ்சியப் பாருங்க. கொழம்புல விழுந்த பூனை மாதிரி" என்று அவள் சிரித்தாள். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை பின்பக்கமாக இல்லாமல் அவன் முகத்துக்கு நேராக, இடது உள்ளங்கையை நீட்டினாள். ரேகைகளில் வாழைத்தண்டின் கறை படிந்திருந்தது. அவன் மாத்திரைகளை வைத்தான். அவனுக்காகத்தான் போட்டுக்கொண்டாள். அதை அவன் பிறகுதான் உணர்ந்தான். அன்றைக்கு அவன் நினைத்ததோ, அப்பாடா, இனி பயமில்லை என்று.

வாசலில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மத்தியானச் சோறு கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது, பிறகு அது தீய்ந்தது. தீய்கிறது என்று குரல் கொடுத்தான். பதில் இல்லாமல் உள்ளே போனான். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் செங்கல்லாகச் சிவந்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கும்போது விசில் அடித்தது. "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க" என்றாள். கையைத் தொட்டான். காய்ச்சல் கொதிக்கும் உடம்பில் கை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. நிற்கவைத்தபோது கண்கள் மேலே செருகின.

டோ ஏ மியா டீயைக் கொதிக்க விட்டபடியே ஓடிவந்தாள். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வண்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். டோ ஏ மியா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மறுபடியும் தின்னியாடி? சொல்லுடி, தின்னியா?" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். கன்னத்துத் தனாக்கா அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. சாலையின் தாழ்வான இடத்தில் இன்னும் தண்ணீர் நின்றது. டுன் யின் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிளந்துகொண்டு, இஞ்சின் இருமி இருமி, வண்டி அந்தப் பக்கம் ஏறிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டுவரப் போகாமல் தடுத்த தண்ணீர், இப்போது அவன் முழங்காலைக்கூட நனைக்கவில்லை. அந்த இடத்தைக் கடந்ததும் அவன் சத்தமாகத் தன்னைத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டான். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். டோ ஏ மியா வாசலில் அழுதுகொண்டு நின்றுவிட்டு, கடையைத் திறந்துபோட்டு வந்துவிட்டதாகச் சொல்லி ஊர்ப் பக்கம் போகிற வண்டியில் ஏறிப் போனாள். உள்ளே ஸான் மேக்கு ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும் மருந்து ஏற்றினார்கள், முகத்தில் ஆக்சிஜன் மூடியைப் பொருத்தினார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டபோது, டுன் யின் சட்டைப் பையிலிருந்து பால் பவுடர் டப்பாவை எடுக்க முயன்று, அது பைக்குள் போகிற டப்பா இல்லை, வீட்டிலேயே இருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தான். கிளினிக்கின் பெயரைச் சொன்னான். சாயங்காலம் நோ ரூத்தே வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார். பிறகு அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மொதல்ல காய்ச்சல் வந்து, நிறுத்திட்டாளா?"

"நிறுத்தினா, செயாமா."

"நிறுத்திட்டுத் திரும்பப் போட்டாளா?"

அவன் தலையாட்டினான்.

"எப்படிப் போட்டா?" அவர் குரல் உடைந்தது. "இது யாருக்கு ஒத்துக்காதுன்னு முன்னாலேயே பாக்கற டெஸ்ட் இங்க இல்ல. அதனாலதான் அவள உக்காரவெச்சு அவ்வளவு நேரம் சொன்னேன். சொன்னதத் திருப்பிச் சொல்லுன்னேன். ஒரு வார்த்தை பெசகாமச் சொன்னா. அவ மறக்கற ஆள் இல்லயே."

"மறக்கல. எங்கிட்டச் சொன்னா. நான்தான் போடச் சொன்னேன்." அவன் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தான். "ஒரு வேளைகூடத் தவறக் கூடாதுன்னு நீங்கதானே செயாமா சொன்னீங்க?"

திட்டுவார் என்று காத்திருந்தான். அவரும் திட்டவில்லை. மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் அவன் கால்வரை வந்தது. போகும்போது அவர் பையிலிருந்து மாத்திரை ஒன்றைக் காகிதத்தில் மடித்து அவன் கையில் வைத்தார். "இது உன்னோடது, நாளைக்கு. நீ நிறுத்தாத. உன் மாத்திரை வேற, அவளோடது வேற. கேக்குதா? அவளோட மாத்திரைய ஊருக்குப் போனதும் எடுத்துட்டு வந்து எங்கிட்டக் குடுத்துடு." சிறுநீர் இறங்கவே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். காலையில் பார்க்கலாம் என்றார். அவர் சொன்ன விதத்தில், காலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்று அவன் கேட்கவில்லை.

காலையில் டோ ஏ மியா தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்துவிட்டாள். கூடத்தில் இரண்டு பக்கமும் கட்டில்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி ஒரு பை மங்குஸ்தானைப் பிரித்துவைத்துக்கொண்டு, ஓட்டைப் பெருவிரலால் அழுத்தி உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஸான் மே கண்ணைத் திறக்கவில்லை. ஆக்சிஜன் மூடிக்குள் ஆவி வருவதும் போவதுமாக இருந்தது. முகம் உப்பிப் போய், அவளுடைய அக்கா யாரோ படுத்திருப்பது போல இருந்தாள்.

டோ ஏ மியா அவளைப் பார்த்துவிட்டுத் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "டுன் யின், எங்கிட்ட மறைக்காதே. மறுபடியும் தின்னாளா?"

கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டுன் யினின் வாயில் பதில் நின்றது. இல்லை அக்கா, மாத்திரை. என்ன மாத்திரை? எதுக்கு மாத்திரை? அந்தக் கேள்விக்கு அப்புறம் தெருவில் ஸான் மேயின் பானைக்கு முன்னால் கிண்ணம் நீட்ட யார் வருவார்கள்? வீட்டுக்கு வந்துவிட்டால் அவள் கடை போட வேண்டாமா? நறுக்கிய வாழைத்தண்டு தண்ணீரில் அப்படியே கிடக்கிறது. அவள் வருவாள் என்று நினைப்பதற்கு அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை அவனால் கொடுத்துவிட முடியவில்லை.

"ஆமா அக்கா" என்றான். "தின்னா."

"சொன்னேனே! தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே!" டோ ஏ மியா நெற்றியில் அறைந்துகொண்டாள். "படத்துல போட்டிருக்குதே, சும்மாவா போடறான்? நாக்கு, நாக்கு! ஒரு பழத்துக்கு உசிர வெக்கறதா? அந்த மனுஷன் எப்படிப் பாத்துக்கிட்டான் உன்ன, அவனத் தவிக்க விட்டுட்டு இப்படிப் படுத்துட்டியேடி!" கூடத்தில் உச்சுக் கொட்டினார்கள். யாரோ ஒரு கிழவர், இந்தக் காலத்துப் பெண்கள் சொன்னால் எங்கே கேட்கிறார்கள் என்றார். பக்கத்துக் கட்டில்காரி வாயிலிருந்த சுளையை உள்ளங்கையில் துப்பிவிட்டு, பழப் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். டுன் யின் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லியும் கேட்காதவன் இங்கே நின்றுகொண்டிருக்கிறான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவன் கத்தவில்லை.

அப்போது அவன் சட்டைப் பையில் சேவல் கூவியது.

கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த டோ ஏ மியாகூட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்தப் பாழாப் போன சேவல் இங்கயும் வந்துடுச்சா" என்றாள். டுன் யின் அதை நிறுத்துவதற்காகப் பைக்குள் கைவிட்டான். கைபேசியோடு காகிதத்தில் மடித்த மாத்திரையும் விரலில் பட்டது.

ஊசி குத்தி, பட்டை ஒட்டி, வீங்கிப் போய்ப் போர்வைமேல் கிடந்த ஸான் மேயின் இடது கை லேசாக அசைந்தது. கண் திறக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிய, கை மெல்லப் புரண்டு, நகக்கண்ணில் இன்னும் ஊதாக் கறையோடு, உள்ளங்கை விரிந்து அவன் பக்கமாகக் காத்திருந்தது.